பிள்ளை கொடுத்தலும் பிள்ளையைக் காத்தலும்: பேராசிரியை சாவித்திரி குணசேகரவின் சட்டப்பணி குறித்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "இந்தத் தடவையும் சமணக் கல்வெட்டுதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. திருமலை, சித்தன்னவாசல், கழுகுமலை என்று எழுதி அன்பர்களின் பொறுமையைப் பல முறை சோதித்தவன் நான். இம்முறை கல்வெட்டு இல்லை. சட்டத்தைப் பற்றி எழுதப் போகிறேன். அதிலும் குடும்பச் சட்டம். அதிலும் குழந்தையைப் பற்றிய சட்டம்.

நான் வக்கீல் அல்லன். பட்டம் பெற்றவனும் அல்லன். ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருந்துகொண்டு, காகிதமும் நோட்டுப் புத்தகமும் விற்றுப் பிழைத்த வியாபாரி. ஆனாலும் இந்தப் பொருளைத் தொட எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நான் ஒரு தத்துப் பிள்ளை. இரண்டாவது காரணத்தைக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் பின்னால் தள்ளுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சமணனாகப் பிறந்தவன் சிந்தாமணியைத் தொடாமல் எதையும் ஆரம்பிக்க முடியாது. திருத்தக்கதேவர் பாடிய சீவகன் யார் வீட்டில் வளர்ந்தான்? அரசன் மகன் அவன், பிறந்தது சுடுகாட்டில். இறந்துபோன தன் குழந்தையை எடுத்துக்கொண்டு அங்கே வந்த கந்துக்கடன் என்னும் வணிகன், உயிரோடு கிடந்த இந்தக் குழந்தையை எடுத்துப்போய்ச் சுநந்தை கையில் கொடுத்து வளர்த்தான். ஆக, நம் காப்பியத் தலைவனே ஒரு வியாபாரி வீட்டு வளர்ப்புப் பிள்ளை. ஆனால் பெற்ற தாய் விசயையைத் தேவர் மறக்கவில்லை. அவளைத் தவப்பள்ளியில் இருத்தி, பின்னால் மகனோடு சேர்த்தும் வைக்கிறார். வளர்த்தவள் வந்துவிட்டாள், பெற்றவள் போகட்டும் என்று காப்பியம் விட்டுவிடவில்லை. சட்டம் அப்படி விட்டுவிட்டது என்பதுதான் நான் கண்ட வேறுபாடு.

என் கதை கொஞ்சம்

நான் பிறந்தது வந்தவாசிப் பக்கம் ஒரு நயினார் குடும்பத்தில், 1960-இல். என் பெரியப்பா பெங்களூர் கண்டோன்மெண்டில் சின்னதாகக் காகிதக் கடை வைத்திருந்தார். பிள்ளை இல்லாமலே காலமானார். பெரியம்மா தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டார். 1966-இல் என்னைத் தத்துக் கொடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சொந்தத் தம்பி மகனை எடுப்பதுதான் முறை என்பதால் யாருக்கும் மறுப்பில்லை. என் அம்மா என்னைத் தூக்கிப் பெரியம்மா மடியில் உட்கார வைத்தார். பிறகு எல்லோருமாக ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ப் பத்திரம் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் நான் "அம்மா" என்று கூப்பிட்டபோது, பாட்டி என் வாயைப் பொத்தி, "இனிமே அவங்க சின்னம்மா, இவங்கதான் அம்மா" என்றார். ஆறு வயது எனக்கு. அந்த வார்த்தை மாற்றம்தான் என் தத்து. பத்திரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் கஷ்டப்பட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பெரியம்மா என்னைக் கண்ணைப் போல வளர்த்தார். பள்ளி விட்டதும் கடையில் உட்கார வேண்டும், ரீம் எண்ண வேண்டும், அவ்வளவுதான். நான் பதினான்கு வயதில் இருக்கும்போது ஊரில் ஒரு பங்காளி கிளப்பிய கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குள் தள்ளிற்று. "பெண்பிள்ளை தனக்குத்தானே எடுத்த பிள்ளை இவன். புருஷன் செத்தபிறகு எடுத்தது. அவர் பங்குக்கு இவன் எப்படி வாரிசு?" என்பது அவர் வாதம். மூன்று ஏக்கர் நிலம்தான். ஆனால் நான் யார் பிள்ளை என்பதை மந்தையில் உட்கார்ந்து நாலு பேர் விவாதித்ததைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வக்கீல் வந்து, உச்ச நீதிமன்றம் 1967-இல் சாவன் ராம் – கலாவந்தி வழக்கில், விதவை எடுத்த பிள்ளை இறந்த கணவனுக்கும் பிள்ளையே என்று தீர்ப்பளித்திருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகே விவகாரம் அடங்கிற்று. ஒரு தீர்ப்பின் பெயரை நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பெரியம்மாவுக்கு எந்த உரிமையின்படி பிள்ளை எடுக்க முடிந்தது என்று பின்னால் தேடிப் பார்த்தேன். தேடப்போனால் அது ஒரு நூறு வருஷக் கதை.

தமிழ்நாட்டு இந்து விதவை தத்து எடுக்கலாமா என்னும் கேள்வியை லண்டன் பிரிவி கவுன்சில் 1868-இல் தீர்த்தது. அது ராமநாதபுரம் ஜமீன் வழக்கு. கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும், அவன் பங்காளிகளின் சம்மதம் இருந்தால் விதவை தத்து எடுக்கலாம் என்பது தீர்ப்பு. கொஞ்சம் கதவு திறந்தது. ஆனால் சாவி பங்காளி கையில்.

சமணர் விஷயம் வேறு. நமக்குத் தத்து என்பது பிண்டம் போடுவதற்காக அல்ல. சிராத்தமே நம் சமயத்தில் இல்லையே! குடும்பமும் சொத்தும் தொடர்வதற்காகச் செய்யும் லௌகிக ஏற்பாடு அது. ஆகவே விதவை யார் அனுமதியும் இல்லாமல் எடுக்கலாம் என்பது சமண வழக்கம். 1878-இல் ஒரு வட இந்தியச் சமணக் குடும்பத்தின் வழக்கில் பிரிவி கவுன்சில் இவ்வழக்கத்தை ஏற்றது. சம்பத்ராய் ஜெயின் என்னும் பாரிஸ்டர் 1926-இல் ஜைன சட்டம் என்றே தனி நூல் எழுதினார். அதே பத்தாண்டில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரி, கட்டெப்பா – எரம்மா வழக்கில், சமணம் இந்து சமயத்திலிருந்து பிரிந்த கிளை அன்று, ஸ்மிருதிகளுக்கும் முந்திய வரலாறு உடையது என்பதே தற்கால ஆராய்ச்சியின் முடிவு என்று எழுதினார். நம்மவர்கள் இதை மேடைதோறும் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் நடைமுறையில் கோர்ட் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வழக்கம் வேறு என்றால் அதைச் சாட்சி வைத்து நிரூபியுங்கள். நிரூபிக்கும் பாரம் எப்போதும் நம் தலையிலேதான்.

இதில் நம் பெங்களூருக்கு ஒரு தனி வேடிக்கை உண்டு. 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், கண்டோன்மெண்ட் பகுதி சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கையிலேயே 1947 வரை இருந்தது. நம் முன்னோர் பெரும்பாலும் குடியேறியது இந்தப் பகுதியில்தான். மைசூர் மகாராஜா போட்ட சட்டம் இங்கே தானாகச் செல்லாது. அவர்களோ வேகமானவர்கள். 1894-லேயே எட்டு வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது, ஐம்பது வயதைத் தாண்டியவன் பதினாலு வயதுக்குக் குறைந்த பெண்ணைக் கட்டக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இன்றைக்கு அந்த வயதுகளைப் படித்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் வந்தது 1929-இல்தான் என்பதை நினைக்க வேண்டும். 1933-இல் மைசூர், இந்துப் பெண்களின் உரிமைச் சட்டம் என்று ஒன்று செய்து, கணவன் எழுத்தில் தடுத்திருந்தாலன்றி விதவைக்குத் தத்து எடுக்க அதிகாரம் உண்டு என்று ஆக்கிற்று. பேட்டையில் ஒரு விதவைக்கு ஒரு சட்டம். இரண்டு மைல் தாண்டிக் கண்டோன்மெண்டில் இருந்தவளுக்கு வேறு சட்டம். 1956-இல் இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்து, சமணரையும் இந்து என்ற சொல்லுக்குள் அடக்கி, விதவைக்கு நேரடி உரிமை கொடுத்தது. அந்த உரிமையில்தான் நான் கைமாறினேன்.

இவ்வளவையும் படித்துக் குறிப்பெடுத்தபின் ஒருநாள் எனக்கு ஒன்று உறைத்தது. ராமநாதபுரம் ராணியின் உரிமை, பங்காளியின் உரிமை, சமண விதவையின் உரிமை, இறந்த கணவனின் ஆத்மாவின் உரிமைகூடப் பேசப்பட்டிருக்கிறது. மடியில் உட்காரவைக்கப்பட்ட அந்தப் பிள்ளையின் உரிமை பற்றி ஒரு வரி இல்லை. கொடுத்தல், எடுத்தல் என்னும் இரண்டு வினைச்சொற்கள்தாம் சட்டத்தில் உண்டு. பண்டம் கைமாறுவதற்கும் எங்கள் கடையில் இதே சொற்கள்தாம்.

அவென்யூ ரோடில் கிடைத்த புத்தகம்

2009-இல் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில், சட்டப் புத்தகக் குவியலுக்குள் ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. குழந்தைகள், சட்டம், நீதி பற்றித் தெற்காசியப் பார்வையில் எழுதப்பட்ட அந்நூல் 1998-இல் வெளிவந்தது. ஆசிரியர் சாவித்திரி குணசேகர. இலங்கைக்காரர், சிங்களப் பெண்மணி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன்.

அவர் பேராதனையில் சட்டம் பயின்று, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்தவர். இலங்கையில் சட்டப் பேராசிரியர் பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி என்ற பெருமை அவருக்கு உண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். கல்லூரி வாசலை மிதிக்காதவனும் தபால்வழி படிக்கட்டும் என்று ஏற்பட்ட பல்கலைக்கழகம் அது. என் போன்றவர்களுக்கு அந்த ஒரு செய்தியே போதும், அவர்மேல் மரியாதை வர. பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், 1999 முதல் 2002 வரை அதன் துணைவேந்தராகவும் இருந்தார். அதே ஆண்டுகளில், பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. குழுவிலும் உறுப்பினராக இருந்தார். இந்தியா தன் முதல் அறிக்கையை 2000-ஆம் ஆண்டில் அக்குழுவின் முன் வைத்தபோது அவரும் அதில் ஓர் உறுப்பினர். 2008-இல் ஜப்பானின் ஃபுகுவோகா ஆசியப் பண்பாட்டு விருதுகளில் கல்விக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது.

பதவிகளின் பட்டியல் அது. அவர் பணியின் உயிர்நாடி நூல்களில் இருக்கிறது. பெற்றோர் – பிள்ளை உறவு பற்றிய இலங்கைச் சட்டத்தை முழு நூலாக 1987-இல் எழுதினார். 1993-இல் இலங்கையின் குழந்தை உழைப்பு பற்றி எழுதினார். அடுத்ததுதான் எனக்குக் கிடைத்த நூல். பொதுவாகக் குடும்பச் சட்டம் எழுதுகிறவர்கள் கல்யாணம், விவாகரத்து, சொத்து என்று போய், கடைசி அத்தியாயத்தில் குழந்தையைத் தொட்டுவிட்டு முடிப்பார்கள். அம்மையார் குழந்தையை முதலில் நிறுத்தி, அதன் கண்ணிலிருந்து குடும்பத்தைப் பார்த்தார். கடைக்காரன் பாஷையில் சொன்னால், பேரேட்டில் பக்கத்தையே திருப்பிப் போட்டார்.

ஒரு தீவு, பல சட்டம்

இலங்கையில் ஒரு பிள்ளைக்கு எந்தச் சட்டம் என்பது அது யார் வயிற்றில் பிறந்தது என்பதைப் பொறுத்தது. பொதுச் சட்டம் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ரோமன்–டச்சுச் சட்டம். கண்டிச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டம். முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை.

தேசவழமையைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் டச்சு அதிகாரி 1707-இல் தமிழர் வழக்கங்களைத் தொகுத்து எழுதியது அது. பிரிட்டிஷார் 1806-இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரிக்கும் அழகு வேறெங்கும் காணக் கிடைக்காது. அதில் தத்தும் உண்டு. மஞ்சள் நீர் குடிக்கும் சடங்கு, உறவினர் சம்மதம், எடுத்த பிள்ளைக்கு எடுத்தவர் சொத்தில் உரிமை. படிக்கும்போது என் பெரியம்மா மடி நினைவுக்கு வந்தது. கடல் நடுவே இருந்தாலும் வழக்கத்தின் எலும்பு ஒன்றுதான்: சொத்து யாருக்கு, யார் சம்மதித்தார்கள்.

கண்டிச் சட்டத்திலும் தத்து உண்டு. ரோமன்–டச்சுச் சட்டத்தில் தத்தே கிடையாது. இஸ்லாமியச் சட்டத்திலும் கிடையாது. ஆகவே 1941-இல் 24-ஆம் எண்ணுள்ள குழந்தைகள் தத்துக் கட்டளைச் சட்டம் வந்து, கோர்ட் வழியாகத் தத்து என்ற பொது வழி திறந்தது.

அம்மையார் இந்த வேறுபாடுகளைப் பெருமைக்காகப் பட்டியலிடவில்லை. தாயா தந்தையா, யாருக்குப் பிள்ளைமேல் உரிமை என்னும் பழைய கேள்வியை, பிள்ளைக்கு எது நல்லது என்னும் கேள்வியாக ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு தூரம் மாற்றிக்கொண்டது என்று உரசிப் பார்த்தார். மரபு என்ற பெயரில் நாம் காப்பாற்றுகிறவற்றில் சில, காலனி அதிகாரிகள் எழுதிவைத்த பின் இறுகிப்போனவை என்பதும் இதில் புலப்படும். பெரும்பான்மைச் சமூகத்துப் பெண்மணி தமிழர், முஸ்லிம்கள் சட்டத்தைப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். அவர் தம் இனத்துக் கண்டிச் சட்டத்துக்கும், ஐரோப்பியர் தந்த பொதுச் சட்டத்துக்கும் அதே உரைகல்லைத்தான் வைத்தார். போரில் பிள்ளைகள் பட்ட பாட்டை அத்தீவு மறக்க முடியாது. அந்தக் காலத்தில் இனம் பார்க்காமல் குழந்தையைப் பார்த்த ஒரு கல்வியாளர் இருந்தார் என்பது சின்ன விஷயம் அல்ல.

தத்துப் பிள்ளையா, வேலைக்காரப் பிள்ளையா?

1941-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தத்து ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி, பெற்றோர் அல்லாதவர் ஒரு குழந்தையைத் தம் வீட்டில் வைத்திருந்தால் அவர் தம்மைப் பாதுகாவலராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது.

எதற்கு இப்படி? ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, "வளர்க்கிறோம்" என்று சொல்லி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இலங்கையிலும் இருந்தது. வளர்ப்பது எது, வேலை வாங்குவது எது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு பிள்ளையும் அதே வீட்டில் சாப்பிடும், அதே வீட்டில் தூங்கும். ஒன்று பள்ளிக்குப் போகும், மற்றது பாத்திரம் தேய்க்கும். அதைக் கண்டுகொள்ளத்தான் பதிவு.

ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதுமா? குழந்தை உழைப்பு குறைந்ததற்குத் தண்டனைச் சட்டத்தைவிட இலவசக் கல்விதான் பெரிய காரணம் என்பது இலங்கையின் அனுபவம். 1940களிலேயே மழலைப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இருந்தும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்னும் கட்டாயத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் வராமலே இருந்தன. 5 முதல் 14 வயது வரை கட்டாயம் என்ற விதி 1998-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் அந்த ஓட்டை வழியாக விழுந்த பிள்ளைகள்தாம் நகரத்து வீடுகளின் அடுப்படியில் இருந்தார்கள். குழந்தையின் நலம் என்பது பெரியவர்கள் காட்டும் தர்மம் அல்ல, அது குழந்தையின் உரிமை. உரிமை என்றால் அரசு பள்ளியையும் கட்ட வேண்டும், சட்டத்தையும் நடத்த வேண்டும். அம்மையாரின் வாழ்நாள் வாதத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சுருக்கிச் சொன்னால் இதுதான்.

எங்கள் வீட்டுச் சமாசாரம்

இப்போது அந்த இரண்டாவது காரணம்.

1994-இல் செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினோரு வயதுப் பெண் ஒன்றை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அப்பன் இல்லாத பிள்ளை. தாயார்தான், "உங்க வீட்ல நாலு பருக்கை சாப்ட்டுட்டு இருக்கட்டுங்க" என்று அனுப்பினார். மாதம் ஒரு தொகை ஊருக்கு அனுப்பினோம். பண்டிகைக்கு எங்கள் மகளுக்கு எடுத்த அதே கடையில் அதற்கும் பாவாடை எடுத்தோம். வருகிறவர்களிடம், "எங்க பொண்ணு மாதிரி" என்று சொல்வோம். பொய்யாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினோம்.

அது எங்கள் மகளைவிட ஒரு வயது மூத்தது. தூங்கியது சமையலறையில். மூன்று வருஷம் இருந்துவிட்டு ஊருக்குப் போயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு நின்றதுதான்.

அன்பர்களே, கொசுவைக்கூட அடிக்காத குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்போம். அகிம்சையைப் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேச எனக்குக் குறிப்பே வேண்டாம். அந்தப் பாதுகாவலர் பதிவு பற்றிப் படித்த இரவு, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விளக்கைப் போட்டபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "மாதிரி" என்ற சொல்லுக்கு எந்த ரிஜிஸ்டரிலும் கட்டம் கிடையாது. என்னைத் தத்து எடுத்ததற்குப் பத்திரம் இருந்தது, பங்கு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது.

போய்ப் பார்க்க எனக்கு மூன்று வருஷம் தைரியம் வரவில்லை. 2012-இல் போனேன். ஆரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, கணவனும் குழந்தையுமாக நன்றாக இருந்தது. மோர் கொடுத்தது. நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். "நல்லாத்தான் வெச்சிருந்தீங்க ஐயா, சோத்துக்குக் கொறை இல்லை. பாப்பா ஸ்கூல் வேன்ல ஏறும்போது நான் கேட்டாண்ட நின்னு பாப்பேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையின் படிப்புக்கு ஏதாவது செய்கிறேன் என்றேன். "வேணாங்க, கவர்மெண்ட் ஸ்கூல்ல நல்லாப் படிக்குது" என்று முடித்துவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சட்டம் வந்து நிற்கும் இடம்

அம்மையாரின் நூல் பிறந்த காலம் உலகம் எங்கும் குழந்தைச் சட்டம் நகர்ந்த காலம். ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 1989-இல் உருவாயிற்று. இலங்கை 1991-இலும் இந்தியா 1992-இலும் அதை ஏற்றன. இலங்கையில் 1995-இல் பொதுச் சட்டப்படி திருமண வயது 18 ஆயிற்று; தண்டனைச் சட்டமும் கடுமையாயிற்று. 1998-இல் தேசியச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் வந்தது.

நம் நாட்டிலும் நடந்தது. வெளிநாட்டார் தத்து எடுப்பதில் நடந்த முறைகேடுகள் குறித்து லட்சுமிகாந்த் பாண்டே என்னும் வக்கீல் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, உச்ச நீதிமன்றம் 1984-இல் நெறிமுறைகள் வகுத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்கப்போய், தாய் கையெழுத்து செல்லாது என்றதால் தொடுத்த வழக்கில், 1999-இல் தாயும் இயற்கைக் காப்பாளரே என்னும்படி சட்டம் விளக்கப்பட்டது. 2006 அக்டோபர் 10 முதல், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது குற்றம். 2016 திருத்தத்தில் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றே ஆயிற்று. குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள்தாம் மிச்சம். 2012-இல் போக்சோ சட்டம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி எடுக்கும் தத்தில், குழந்தையின் வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் என்னைத் தத்துக் கொடுத்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே நிற்கிறது. அதன்படி பெற்றோரே கொடுக்கும்போது, இன்றும் பிள்ளையைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் பெங்களூரிலேயே நாகரபாவியில், 1988-இல் வகுப்புத் தொடங்கிய தேசிய சட்டப் பள்ளியில் குழந்தையும் சட்டமும் பற்றித் தனி மையம் அமைந்தது. கண்டோன்மெண்ட் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று சட்டம் படிக்கிறார்கள். கம்பெனிச் சட்டத்தில்தான் வருமானம் என்பதை ஒரு வியாபாரி மறுக்க முடியாது. ஆனாலும் பத்துப் பேரில் ஒருவராவது இந்தப் பக்கம் திரும்பட்டும். ஒரு பேராசிரியர் எழுதும் புத்தகம் எங்கெங்கோ சுற்றிக் காகிதக் கடைக்காரன் வீட்டுச் சமையலறை வரை வருகிறது என்பதற்கு நானே சாட்சி.

முடிவுரை

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து ஆள் வரவழைப்பது பழகிப்போன விஷயம். பாஷை தெரிந்த பிள்ளை, நம்பிக்கையான பிள்ளை, நம்ம ஊர்ப் பிள்ளை என்போம். நம்ம ஊர்ப் பிள்ளை என்றால் அதைப் பள்ளியில் சேர்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு மாதிரிக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கு ஒரு போன் போதும். தத்து எடுக்கிறவர்கள் முறைப்படி எடுங்கள். சொந்தத்துக்குள் எடுப்பதானாலும், அந்தப் பிள்ளையை மடியில் வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறு வயதுக்கு என்ன தெரியும் என்பீர்கள். தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

1998-இல் என்னைப் பெற்றவர் ஊரில் படுக்கையில் கிடந்தார். பெரியம்மா அதற்கு முன்பே போய்விட்டார். உறவெல்லாம் கூடியிருக்க, முப்பத்திரண்டு வருஷம் கழித்து அவரை "அம்மா" என்று கூப்பிட்டேன். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. அவர் கண்ணைத் திறந்து, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தத்துச் சட்டத்தின் நூறு வருஷ வரலாற்றில் அந்தக் கேள்விக்கு இடம் இருந்ததில்லை. அதற்கு இடம் பண்ணிக் கொடுக்கத்தான் சாவித்திரி குணசேகர போன்றோர் ஓர் ஆயுளைச் செலவிட்டிருக்கிறார்கள் என்று கருதுகிறேன். அவர்களுக்கு இந்த எளிய வியாபாரியின் வணக்கம் உரித்தாகுக. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.